கன்சோலில் மிஞ்சிவிடும் வரிகள்

ஜாவாஸ்கிரிப்ட் எழுதப் பழகும் எவரும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளும் கட்டளை ஒன்று உண்டு. அதுதான் கன்சோல்.லாக். நிரல் எதிர்பார்த்தபடி ஓடவில்லையா? நடுவில் ஒரு கன்சோல்.லாக் போட்டு, மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். அப்போதும் புரியவில்லையா? இன்னும் நான்கு போடலாம். அந்த வரிகளில் எழுதப்படும் வாசகங்களும் விசித்திரமானவை. "இங்கே வந்தது", "உள்ளே", "உள்ளே 2", "ஏன்???", "111"... எழுதியவருக்கு மட்டும், அதுவும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் புரிகிற மொழி அது.

பிழை பிடிபட்டதும் வந்த வேலை முடிந்தது. நிரலாளர் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அந்த நான்கு வரிகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. வீடு கட்டும்போது சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துச் சாரம் கட்டுவார்கள். பூச்சு வேலை முடிந்ததும் அதை அவிழ்த்துவிடுவார்கள். சாரத்தோடு யாரும் புதுமனை புகுவதில்லை. ஆனால் மென்பொருளில் இது தினமும் நடக்கிறது. காரணம் எளிது, அந்தச் சாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பயனர் பார்ப்பது பக்கத்தை மட்டும். கன்சோலைப் பார்க்க எஃப்12 விசையை அழுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் என்ன, போனால் என்ன என்று தோன்றலாம். இருந்தாலும் ஆபத்து உண்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஆபத்து உண்டு. இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

பெயர் வந்த கதை

லாக் என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பல் காலத்தில், முடிச்சுகள் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கப்பலின் பின்புறம் கடலில் வீசுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சுகள் கையைவிட்டு நழுவுகின்றன என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரியும். இன்றும் கப்பலின் வேகம் 'நாட்' என்ற அலகில், அதாவது முடிச்சுக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. அந்த வேகத்தைக் குறித்துவைத்த புத்தகம் லாக் புத்தகம் ஆனது. பிறகு எந்தப் பதிவேட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிழைக்கு 'பக்', அதாவது பூச்சி, என்ற பெயர் கணினிக்கும் முந்தியது. 1878இலேயே தாமஸ் எடிசன் தன் கடிதம் ஒன்றில் இயந்திரக் கோளாறுகளை அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் நிஜமான அந்துப்பூச்சி ஒன்றே ஒரு ரிலேக்குள் சிக்கியது. அதை எடுத்து, பதிவேட்டின் அன்றைய பக்கத்தில் ஒட்டி, பக்கத்தில் ஒரு வேடிக்கையான குறிப்பும் எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவேடு இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பூச்சியை இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் பதிவேட்டிலிருந்து எடுக்கவில்லை. எதை எடுக்க வேண்டும், எதை வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை அதிலேயே பாதி இருக்கிறது.

அலர்ட் பெட்டியிலிருந்து ஃபயர்பக் வரை

ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி. ஆச்சரியம் என்னவென்றால், கன்சோல்.லாக் அந்த மொழியின் பகுதியே அல்ல. அது உலாவியோ நோட் போன்ற சூழலோ கொடுக்கும் வசதி. ஆரம்ப காலத்தில் பிழை தேடியவர்களுக்கு இருந்த எளிய கருவி அலர்ட் பெட்டி. மதிப்பைத் தெரிந்துகொள்ள ஒரு பெட்டி திரையில் எழும், 'ஓகே' அழுத்தினால்தான் மேலே போகும். நூறு முறை சுற்றும் ஒரு வளையத்துக்குள் அதை வைத்துவிட்டால் நூறு முறை 'ஓகே' அழுத்த வேண்டும்!

அந்த முறையில் ஒரு நல்லதும் இருந்தது. அலர்ட்டை மறந்து விட்டுவிட முடியாது. மறந்தால் முதல் பயனரே போன் செய்வார்.

2006இல் ஜோ ஹியூவிட் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்காக ஃபயர்பக் என்ற நீட்சியை வெளியிட்டார். கன்சோல்.லாக் இணைய நிரலாளர்களிடையே பரவியது இதன் வழியாகத்தான். பெட்டி எழுவதில்லை, ஓட்டம் நிற்பதில்லை, ஓரத்தில் அமைதியாக வரிகள் சேர்ந்துகொண்டே போகும். பெரிய வசதிதான். ஆனால் அந்த அமைதிதான் மறதிக்கும் வழி வைத்தது.

அந்த மறதிக்குத் தண்டனை கொடுத்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அதன் 8, 9 பதிப்புகளில், டெவலப்பர் கருவிப் பலகையைத் திறந்தால்தான் கன்சோல் என்ற பொருளே உருவாகும். திறக்காத கணினியில் கன்சோல்.லாக் என்ற வரி வந்தால், அப்படி ஒன்று இல்லை என்று பிழை காட்டி நிரல் அங்கேயே நின்றுவிடும். பக்கம் வேலை செய்யவில்லை என்று பயனர் புகார் செய்வார். நிரலாளர் என்ன செய்வார்? காரணம் பார்க்க எஃப்12 அழுத்துவார். உடனே கன்சோல் உருவாகிவிடும், பக்கமும் ஒழுங்காக ஓடும்! "என்னிடம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் போகும். பயனரிடமோ பக்கம் உடைந்தேதான் இருக்கும். பிழையைத் தேடப் போட்ட வரியே பிழையானது, தேடும்போது மட்டும் ஒளிந்துகொண்டது.

இதற்காகவே அந்தக் காலத்தில் பல தளங்கள், கன்சோல் இல்லையென்றால் வெறும் பொய்க் கன்சோல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும் சில வரிகளைத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டன. 10ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை இல்லை. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் 11ஆம் பதிப்புக்கும் விடை கொடுத்துவிட்டது. ஆகவே, விட்டுப்போன ஒரு கன்சோல்.லாக் இன்று பக்கத்தை நிறுத்துவதில்லை. அதனால் மறதி இன்னும் மலிவாகிவிட்டது.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

"கன்சோலில் வருவது பயனரின் கணினியில்தானே தெரிகிறது? அவருடைய தகவலை அவரிடமே காட்டினால் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கன்சோலில் விழுந்தது கன்சோலோடு நிற்பதில்லை.

பெரிய தளங்கள் பலவும் சென்ட்ரி போன்ற பிழை சேகரிப்புச் சேவைகளைப் பயன்படுத்துகின்றன. பயனரின் உலாவியில் பிழை ஏற்பட்டால், அந்தச் செய்தியை அவை நிரலாளருக்கு அனுப்பும். பிழைக்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகக் கன்சோலில் கடைசியாக அச்சான வரிகளையும் அவை சேர்த்து அனுப்புகின்றன. உள்நுழையும் படிவத்தைச் சோதிக்கும்போது, வந்த தகவல் அத்தனையையும் அச்சிடும் ஒரு வரி எழுதப்பட்டு மறந்துபோயிருந்தால், பயனரின் கடவுச்சொல்லும் அந்தப் பொட்டலத்தில் ஏறி வேறொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகக்கூடும். யாரும் திருடவில்லை, யாரும் உடைத்து நுழையவில்லை, மறந்துபோன ஒரு வரி தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2018 மே மாதத் தொடக்கத்தில் கிட்ஹப் நிறுவனம், கடவுச்சொல்லை மாற்றும் வசதியில் இருந்த ஒரு பிழையால் சில பயனர்களின் கடவுச்சொற்கள் அப்படியே தன் உள் பதிவுகளில் எழுதப்பட்டுவிட்டதாக அறிவித்தது. அதே வாரம் மே 3 அன்று, அப்போது ட்விட்டர் என்ற பெயரில் இருந்த நிறுவனமும் இதே போன்ற செய்தியைச் சொன்னது. கடவுச்சொல்லை யாரும் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றித்தான் அது சேமித்துவந்தது. ஆனால் மாற்றும் வேலை முடியும் முன்பே அசல் சொல் ஒரு உள் பதிவில் எழுதப்பட்டுவந்தது. தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அடையாளம் இல்லை என்றாலும், 33 கோடிப் பயனர்களும் கடவுச்சொல்லை மாற்றுவது பற்றி யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அன்று உலகக் கடவுச்சொல் தினம் என்பது தற்செயல்!

இவை சர்வரில் நடந்தவை. ஆனால் பாடம் ஒன்றுதான். பெட்டகத்துக்கு எத்தனை பூட்டு போட்டாலும், பெட்டகத்துக்குப் போகும் வழியில் யாரோ ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தால் பூட்டால் பயனில்லை.

அடுத்தது வேகம். ஒரு வரி அச்சிட ஆகும் நேரம் மிகக் குறைவு. ஆனால் சுட்டியை நகர்த்தும் ஒவ்வொரு அசைவுக்கும், பட்டியலின் ஒவ்வொரு வரிசைக்கும் அச்சிட்டால் கதை வேறு. கைபேசிச் செயலிகள் எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவ், இந்த வரிகள் வெளியீட்டுப் பதிப்பில் பெரிய தடையாகலாம் என்று தன் ஆவணத்திலேயே எச்சரித்து, அவற்றை நீக்கும் பேபல் நீட்சி ஒன்றையும் பரிந்துரைக்கிறது. தவிர, கருவிப் பலகை திறந்திருக்கும்போது, கன்சோலில் அச்சிட்ட பொருள்களை உலாவி நினைவகத்திலிருந்து விடுவிப்பதில்லை. பின்னால் விரித்துப் பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டுமே!

மூன்றாவது, வெளியீடு கலந்துவிடுவது. நோட் சூழலில் கன்சோல்.லாக் எழுதுவது நிரலின் வழக்கமான வெளியீட்டு வழியில். ஒரு நிரல் ஜேசான் வடிவில் தரும் தகவலை இன்னொரு நிரல் வாங்கிப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு "இங்கே வந்தது" நுழைந்தால், வாங்கும் நிரலுக்கு அது பிழைச் செய்தி என்று தெரியாது. தகவல் என்றே எடுத்துக்கொண்டு தடுமாறும். அதனால்தான் நோட்டில் கன்சோல்.எரர் வேறு வழியில் எழுதுகிறது.

இந்தக் கலப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இணையத்துக்கு வெளியே ஓர் உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் 40 விநாடிகூட நீடிக்கவில்லை. ராக்கெட்டின் திசை காட்டும் கணினியில், ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றபோது கோளாறு ஏற்பட்டது. அது தன் கோளாறைத் தெரிவிக்கும் கண்டறிதல் தகவலை அனுப்பியது. முதன்மைக் கணினி அதைப் பறக்கும் திசை பற்றிய தகவல் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. ராக்கெட்டும் அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. அந்தக் கோளாறு ஏற்பட்ட நிரல்பகுதிக்கோ, ராக்கெட் கிளம்பிய பிறகு வேலையே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. தேவை முடிந்தும் ஓடிக்கொண்டிருந்த நிரல், இடம் மாறிப் படிக்கப்பட்ட செய்தி என இரண்டும் அங்கே சேர்ந்திருந்தன.

எடுக்கும்போது வரும் வம்பு

சரி, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று கிளம்பினால் அங்கேயும் பள்ளம் உண்டு. பலர் செய்வது, கன்சோல்.லாக் என்று வரும் வரிகளைத் தேடி மொத்தமாக அழிப்பது. கீழே உள்ள மூன்று வரிகளைப் பாருங்கள்.

இஃப் (தொகை == 0)
கன்சோல்.லாக்("தொகை இல்லை");
ரசீது_அனுப்பு();

இஃப் வரியில் அடைப்புக்குறி இல்லாததால், நிபந்தனை அடுத்த ஒரு வரிக்கு மட்டுமே பொருந்தும். ரசீது எல்லோருக்கும் போகும். இப்போது நடுவரியை அழித்துப் பாருங்கள். நிபந்தனை ரசீது வரியைப் பிடித்துக்கொள்கிறது. தொகை பூஜ்யமாக இருப்பவர்களுக்கு மட்டும் ரசீது போகும், பணம் கட்டியவர்களுக்குப் போகாது! நிரல் எந்தப் பிழையும் காட்டாது. வரியை அழிக்காமல் குறிப்பாக மாற்றினாலும் இதே கதைதான்.

இதனால்தான் வேலையைக் கருவியிடம் விடுவது நல்லது. டெர்சர், இஎஸ்பில்ட் போன்றவை நிரலை வெறும் எழுத்தாகப் பார்ப்பதில்லை, அதன் இலக்கண அமைப்பைப் புரிந்துகொண்டு நீக்குகின்றன. டெர்சரில் 'டிராப் கன்சோல்' என்ற தேர்வு உண்டு, இஎஸ்பில்டிலும் அதுபோல் ஒன்று உண்டு. மேலே சொன்ன இஃப் சிக்கல் இவற்றில் வராது.

ஆனால் இவற்றிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்தே இவை எடுத்துவிடும். காத்திருப்போர் வரிசை தீரும்வரை சுற்றும் ஒரு வளையத்துக்குள், கன்சோல்.லாக்(வரிசை.ஷிப்ட்()) என்று யாரோ எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம். ஷிப்ட் என்பது வரிசையின் முதல் ஆளை வெளியே எடுக்கும். அச்சிடுவதும் எடுப்பதும் ஒரே வரியில் நடக்கின்றன. கருவி அந்த வரியை நீக்கினால் யாரும் வெளியே வரமாட்டார்கள், வரிசை தீராது, வளையம் முடிவில்லாமல் சுற்றும். நிரலாளரின் கணினியில் நன்றாக ஓடும் பக்கம், வெளியீட்டில் உறைந்துபோகும். இஎஸ்பில்ட் தன் ஆவணத்திலேயே, இந்தத் தேர்வு பிழைகளை உண்டாக்கலாம் என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. அடைப்புக்குறிக்குள் நடக்கும் வேலையைக் காப்பாற்ற வேண்டுமானால், டெர்சரில் 'ப்யூர் ஃபங்க்ஸ்' என்ற வேறு தேர்வைப் பயன்படுத்த வேண்டும். அதைவிட நல்லது, அச்சிடும் வரிக்குள் வேறு எந்த வேலையையும் வைக்காமல் இருப்பது.

எதை விட்டுவைக்க வேண்டும்?

இதுதான் பலர் யோசிக்காத இடம். கன்சோலில் எழுதுபவை எல்லாம் ஒரே ஜாதி அல்ல. "உள்ளே 2" என்பது நிரலாளர் தனக்குத் தானே பேசிக்கொண்டது. "கட்டணச் சேவையிலிருந்து பதில் வரவில்லை" என்பது நாளை பிழை தேடப் போகிறவருக்கு எழுதிய கடிதம். கன்சோல் முழுவதையும் நீக்கினால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

டிரை, கேட்ச் என்று பிழையைப் பிடிக்கும் இடங்களில் இது மோசமாக முடியும். பல நிரல்களில் கேட்ச் பகுதிக்குள் இருப்பது ஒரே ஒரு கன்சோல்.எரர் மட்டுமே. அதையும் கருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெற்று அடைப்புக்குறி. பிழை பிடிபடும், ஆனால் யாரிடமும் சொல்லப்படாது. பயனர் பொத்தானை அழுத்துவார், ஒன்றும் நடக்காது. பிழை சேகரிப்புச் சேவைக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் டிராப் கன்சோலில் லாக், இன்ஃபோ ஆகியவற்றை மட்டும் பெயர் சொல்லி நீக்கி, வார்ன், எரர் இரண்டையும் விட்டுவைக்கலாம். டெர்சர் அதற்கு இடம் தருகிறது.

வேண்டுமென்றே விட்டுவைக்கப்பட்ட கன்சோல் செய்தியும் உண்டு. ஃபேஸ்புக் பக்கத்தில் கன்சோலைத் திறப்பவர்களுக்குப் பெரிய எழுத்தில், நில்லுங்கள் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை காட்டப்பட்டது. யாரோ சொன்னார்கள் என்று ஏதாவது நிரலை இங்கே ஒட்டினால் உங்கள் கணக்கு பறிபோகலாம் என்பது அதன் சாரம். அந்த வரி நிரலாளருக்காக எழுதப்பட்டதல்ல, ஏமாறப்போகும் ஒரு பயனருக்காக எழுதப்பட்டது.

வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை

வெளியிடும் நாளில் அவசரத்தில் சுத்தம் செய்வதைவிட, எழுதும்போதே ஒழுங்காக இருப்பது எளிது. இஎஸ்லிண்ட் கருவியில் 'நோ கன்சோல்' என்ற விதி இருக்கிறது. மிஞ்சியிருக்கும் வரிகளை அது ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும். ஒரு காலத்தில் பரிந்துரைப் பட்டியலில் தானாகவே இருந்த விதி இது. 2019இல் வந்த 6ஆம் பதிப்பில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், வேண்டியவர்கள் இப்போது தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். நிரலைக் கிட் களஞ்சியத்தில் சேர்க்கும் முன் இந்தச் சோதனை தானாக ஓடும்படியும் அமைக்கலாம். டீபக்கர் என்ற கட்டளையையும் இதே சோதனையில் பிடித்துவிட வேண்டும். கருவிப் பலகை திறந்திருந்தால் அது பக்கத்தை அப்படியே நிறுத்திவைக்கும்.

கடவுச்சொல், அட்டை எண், நுழைவுச் சாவி போன்றவற்றைச் சோதனைக்காகக்கூட முழுதாக அச்சிடாமல் இருப்பது மிக முக்கியம். மற்ற எல்லா வரிகளும் மறந்துபோனால் அசிங்கம்தான், இவை மறந்துபோனால் அடுத்தவருக்கு நஷ்டம். படிவம் முழுவதையும் அச்சிடாமல், "கடவுச்சொல் வந்ததா: ஆம்" என்று அச்சிட்டாலே பெரும்பாலும் போதும்.

கடைசியாக ஒன்று. வரிகளை நீக்கிய பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். நீக்குவதற்கு முன் சோதித்தது ஒரு நிரல், பயனருக்குப் போவது இன்னொரு நிரல். எக்ஸ்ப்ளோரர் காலத்தில் எஃப்12 அழுத்தியபடியே சோதித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல்தான் போனது. கருவிப் பலகையை மூடிவிட்டு, வெளியிடப்போகும் அதே கோப்பை, ஒரு சாதாரணப் பயனரைப் போல ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அப்போதும் ஒரு வரியை நீக்குவதா வைப்பதா என்று சந்தேகம் வந்தால், அந்த வரியைப் படிக்கப்போவது யார் என்று கேட்டால் போதும். எழுதியவர் மட்டும்தான் என்றால், அவர் படித்து முடித்துவிட்டார், எடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்து, நள்ளிரவில், வேறு ஒருவர் இதைத் தேடி வருவார் என்று தோன்றினால், அவருக்குப் புரியும்படி அந்த வரியைத் திருத்தி எழுதி, அங்கேயே விட்டுவைக்கலாம்.